நூலகப் பக்கத்தில் பொன்னாடை எதற்கு?

நம் ஊர் நூலகங்கள் பலவற்றின் முகநூல் பக்கத்தைத் திறந்தால் பொன்னாடைகள்தான் முதலில் கண்ணில் படுகின்றன. குத்துவிளக்கு ஏற்றும் அதிகாரி, நினைவுப் பரிசு வாங்கும் பிரமுகர், பிறந்தநாள் வாழ்த்து. அதற்குக் கீழே, ஞாயிற்றுக்கிழமை நூலகம் எத்தனை மணி வரை என்று யாரோ ஒருவர் கேட்டிருப்பார். பதில் இருக்காது.

இதை அலட்சியம் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது, இது முறைகேடு. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின் வழியே, சொத்து வரியோடு நூலக வரியும் நம்மிடம் வசூலிக்கப்படுகிறது. அந்தப் பணத்தில் இயங்கும் இடம், வாசகர் கேட்டதற்குப் பதில் சொல்வது சலுகை அல்ல, கடமை.

இணையத்தில் மக்களோடு பேசிப் பயன் கண்ட நூலகமும் உண்டு. அமெரிக்காவின் காங்கிரஸ் நூலகம் 2008 ஜனவரியில் தன் பழைய புகைப்படங்களில் சுமார் மூவாயிரத்தை ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்தில் ஏற்றியது. படத்தில் இருப்பவர் யார், இது எந்தத் தெரு என்று நூலகத்துக்கே தெரியாத படங்களும் அவற்றில் இருந்தன. பார்த்தவர்கள் சொன்னார்கள், பழைய செய்தித்தாள்களைத் தேடிச் சான்று காட்டினார்கள். நூலகர்கள் அவற்றைச் சரிபார்த்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 500க்கும் மேற்பட்ட பதிவுகள் நூலகத்தின் அட்டவணையில் திருத்தம் பெற்றன. தனக்குத் தெரியாததை மக்களிடம் கேட்க அத்தனை பெரிய நிறுவனம் கூச்சப்படவில்லை. நம் ஊர்ப் பழைய கோயில் திருவிழாப் படங்களும் நாடக நோட்டீசுகளும் எத்தனை அலமாரிகளில் பெயரில்லாமல் கிடக்கின்றனவோ!

இதற்கு நமக்கு அயல்நாட்டுப் பாடமும் தேவையில்லை. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதை நூலகத்தின் விதிகளில் ஒன்றாக வைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்த அதே 1931இல்தான் மன்னார்குடியில் மாட்டு வண்டி நூலகம் கிராமங்களை நோக்கிப் புறப்பட்டது. இன்றைக்கு அந்த வண்டி கைப்பேசி. அதில் புத்தகத்தை ஏற்றாமல் பிரமுகர்களை ஏற்றி ஊர்வலம் விடுகிறோம்.

ஆள் பற்றாக்குறை என்பார்கள். உண்மைதான். ஆனால் பொன்னாடையைப் படம் எடுக்க ஆள் கிடைக்கிறாரே! புதிதாக வந்த நூல்களின் அட்டையை வாரம் ஒருமுறை படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட ஐந்து நிமிடம் போதும். யார் எந்த நூலை எடுத்தார் என்பதையும், பெற்றோர் அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் முகத்தையும் போடாமல் இருந்தால் சரி.

வரி கட்டுகிறவர்களும் சும்மா இருக்க வேண்டாம். தேடும் புத்தகம் இருக்கிறதா என்று உங்கள் நூலகப் பக்கத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதுங்கள்.