வரியைத் திருத்துங்கள், வாழ்க்கையைத் திருத்தாதீர்கள்

தமிழகப் பள்ளிக் கல்வித்துறை 2022-இல் 4, 5-ஆம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’, 6 முதல் 9 வரை ‘தேன்சிட்டு’ எனச் சிறார் இதழ்களைத் தொடங்கியது. மாணவர் படைப்புகளுக்கும் அவற்றில் இடமுண்டு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து எதை அனுப்புவது என்பதே கேள்வி. ‘மரம் வளர்ப்போம்’ என்று எந்த ஊரிலும் எழுதலாம். விடியுமுன் ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறும் அம்மாவையும், திராட்சைப் பந்தலடியில் குனிந்தே நடக்கும் அப்பாவையும், பெரியாற்று நீர் திறந்ததும் சூடுபிடிக்கும் முதல்போக நடவையும் எழுதவும் வரையவும் இங்குள்ள பிள்ளைகளால்தான் முடியும்.

பிழை மலிந்த படைப்பை இதழ் ஏற்காது என்று ஆசிரியர்கள் தயங்கலாம். ஒற்றுப்பிழையைத் திருத்தட்டும், வட்டாரச் சொல்லையும் சொல்லவந்த பொருளையும் தொட வேண்டாம். ஓவியத்திலும் பெரியவர் கை படக்கூடாது. படிப்பு கெடும் என்பது பெற்றோரின் கவலை. ஆனால் அறிந்ததைக் கோவையாக எழுதப் பழகிய பிள்ளை தேர்வுத்தாளிலும் மனப்பாடத்தை நம்பி நிற்காது. 2006-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கவிஞர் மு.மேத்தா இதே தேனி மாவட்டத்துப் பெரியகுளத்துக்காரர், இந்த மண்ணுக்கு எழுத்து புதிதல்ல. எல்லாப் படைப்பும் அச்சேறாது என்பது உண்மை. அதனால் மாதம் ஒரு பாடவேளையை எழுத ஒதுக்கி, இதழில் வராதவற்றைப் பள்ளிச் சுவரிலாவது ஒட்ட வேண்டும். வாசிக்க ஆள் இருந்தால்தான் பிள்ளை அடுத்ததை எழுதும்.