தங்கவயலுக்கு எத்தனை விதி வேண்டும்?

பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ 2024-இல் வந்தபோது, கோலார் தங்கவயல் மந்திரமும் மாயமும் உலவும் களமாகத் தமிழ்த் திரையில் விரிந்தது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் கிடைப்பது கடினம். 1974-இல் வந்த முதல் பதிப்பிலேயே, கீழே இறங்க இறங்க ஆபத்து கூடும். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

களம் தயார். ஆனால் அதற்கென்று துணை விதிகள் எழுதத் தொடங்கும்போதுதான் ஆட்டத்தின் சமநிலை குலைந்து வம்பு வருகிறது.

இது பழைய வம்பு. 1975-இல் வந்த ‘கிரேஹாக்’ துணை நூல் திருடனையும் பாலடினையும் புதிதாகச் சேர்த்தது. 1985-இன் ‘அனெர்த்ட் ஆர்கானா’ கொண்டுவந்த புதிய வீரர்களுக்குப் பக்கத்தில் பழைய வீரர்கள் சோப்ளாங்கிகளாகத் தெரிந்தார்கள். பின்னாளில் அதிகாரபூர்வ விளையாட்டுக் குழுக்களில், அடிப்படை நூலோடு ஒரே ஒரு துணை நூல்தான் எடுத்துவரலாம் என்று சில ஆண்டுகள் கட்டுப்பாடே இருந்தது.

அதற்காக எல்லோருக்கும் ஒரே பலம் தருவதும் சமநிலை ஆகாது. ஆடு புலி ஆட்டத்தில் 3 புலிக்கு எதிரே 15 ஆடு. தாண்டி வெட்டுவது புலிக்கு மட்டுமே உரியது. பாவம் என்று ஆட்டுக்கும் ஒரு தாண்டல் கொடுத்துவிட்டால், அதன்பிறகு அந்தக் கட்டத்தில் புலிக்கு வேலை இல்லை.

தங்கவயலுக்கு யாருக்கும் முதலில் தோன்றும் விதி வெப்பம். அடியாழத்தில் பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். 2014 பதிப்பின் நடத்துநர் கையேட்டில் இதற்கு ஏற்கெனவே விதி இருக்கிறது: சுமார் 38 டிகிரிக்கு மேல் குடிநீரின்றி இருப்பவர், மணிக்கொரு முறை உடல் தாங்குகிறதா என்று பகடை உருட்ட வேண்டும். தோற்றால் சோர்வு ஒரு படி ஏறும். ஆறாம் படி மரணம். கனத்த கவசம் அணிந்தவருக்கு இரண்டு பகடையில் குறைந்த எண்தான் கணக்கு. ஆனால் நெருப்பைத் தாங்கும் டீஃப்ளிங் இனத்தாருக்குப் பகடையே தேவையில்லை. முதல் நிலைப் பூசாரி ஒரு மந்திரத்தில் 10 காலன் தண்ணீர் வரவழைத்துவிடுவார். இருட்டுக்கு விதி எழுதினாலும் இதே கதைதான். செலவே இல்லாத ஒளி மந்திரம் ஒரு மணி நேரம் எரியும். கடைசியில் கஷ்டப்படுவது இரும்புச் சட்டை போட்ட போர்வீரன் ஒருவன்தான்.

அடுத்தது சிலிகோசிஸ். இங்கே கணக்கைத் தாண்டிய சங்கடம் இருக்கிறது. பாறைத் தூசி தொழிலாளர்களின் நுரையீரலை அரித்த ஊர் இது. அந்த நோயை விதியாக்கினால், அதே 2014 பதிப்பின் இரண்டாம் நிலை மந்திரம் ஒன்று ஆறே விநாடியில் அதைக் குணமாக்கிவிடும். அப்படி ஒரு விதி ஆட்டத்துக்கும் உதவாது, வடஆர்க்காட்டிலிருந்து போய் மண்ணுக்குள் உழைத்த குடும்பங்களுக்கும் மரியாதை இல்லை. அதை விட்டுவிடுவதே நல்லது.

இரண்டே விதிகள் போதும். ஒன்று, சுரங்கத்துக்குள் நீண்ட ஓய்வு கிடையாது. கூண்டில் ஏறி மேலே வந்தால்தான் தூக்கம். பெரும்பாலான மந்திரவாதிகளுக்குச் செலவான மந்திரம் அந்த ஓய்வில்தான் திரும்பும் என்பதால், தண்ணீர் வரவழைப்பதற்கும் அப்போதுதான் விலை உண்டாகும். இரண்டு, பாறை வெடிப்பு. தங்கவயலின் ஆழ்சுரங்கங்களை உண்மையிலேயே உலுக்கிய ஆபத்து அது. கவசமும் மந்திரக்கோலும் பார்த்து வராது. வீரர்களுக்குப் புதிய சக்தி எதுவும் தர வேண்டாம்.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. உள்ளே இறங்கி வேலை பார்த்தவர்கள் மாரிகுப்பத்திலும் ஊரிகத்திலும் இன்னும் இருக்கிறார்கள். விதி எழுத உட்காரும் இளைஞர்கள் முதலில் அந்தப் பெரியவர்களிடம் போய்க் கேளுங்கள். பிறகு, ஓட்டை கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரரான நண்பரை வைத்து ஆடிப் பாருங்கள். மூன்றாவது விதி ஒன்று வேண்டும் என்று அப்போதும் தோன்றினால், முதல் இரண்டில் ஒன்றை அடித்துவிட்டு எழுதுங்கள்.