கம்பெனிக்கு நஷ்டம், கனவான்களுக்கு விமானம்

“கையில் காசில்லை” என்று ஒரு பத்திரிகை முதலாளி சொன்னால், அதை முதலில் நம்புகிறவர் அங்கே வேலை செய்யும் நிருபர்தான். விளம்பரப் பக்கங்கள் மெலிவதை அவர் தம் கண்ணாலேயே பார்க்கிறார். பக்கத்து மேஜை காலியாவதையும் பார்க்கிறார். ஆகவே சம்பள உயர்வு இல்லை என்றாலும் வாய் திறப்பதில்லை. மூன்று பேர் வேலையை ஒருவராகச் செய்கிறார். பத்திரிகை பிழைத்தால் போதும் என்பது அவர் நினைப்பு. அமெரிக்காவின் ‘லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்’ ஊழியர்களும் பல வருஷ காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பு எப்படிக் கலைந்தது என்பது நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

இந்தப் பத்திரிகை சிகாகோவின் டிரிபியூன் கம்பெனி கைக்கு 2000ல் போயிற்று. 2007ல் சாம் ஜெல் என்ற கட்டட, நில வியாபாரி டிரிபியூனையே வளைத்துப் போட்டார். பேரம் 820 கோடி டாலர். அதில் அவர் போட்ட முதல் 31 கோடியே 50 லட்சம் டாலர்தான்! மிச்சத்துக்குக் கடன். ஊழியர்களுடைய ஓய்வுக்காலப் பங்குத் திட்டம் ஒன்றை உண்டாக்கி, அதன் பெயரில் கம்பெனி வாங்கப்பட்டது. தொழிலாளிகள் இப்போது சொந்தக்காரர்களாகி விட்டார்கள் என்று பிரமாதமாகப் பேசினார்கள். எப்பேர்ப்பட்ட சொந்தக்காரர்கள்? கம்பெனியை நடத்துவதில் அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லும் உரிமை கிடையாது. கடன் சுமை மட்டும் அவர்கள் தலையில்.

ஒரு வருஷம் சென்றது. 2008 டிசம்பரில் சுமார் 1,300 கோடி டாலர் கடனோடு கம்பெனி திவால் மனுப் போட்டது. ஆட்குறைப்பில் வேலை போனவர்களுக்குத் தவணை முறையில் வந்துகொண்டிருந்த பணம் அந்த மனுவோடு நின்றது. அதே திவால் நீதிமன்றத்தில் நிர்வாகம் இன்னொரு கோரிக்கையையும் வைத்தது. மேலாளர்களுக்கு போனஸ் கொடுக்க அனுமதி வேண்டுமாம்! ஊழியர் யூனியன் ஆட்சேபித்தது. இருந்தும் 2010ல் 4 கோடி டாலருக்கு மேற்பட்ட போனஸுக்கு நீதிமன்றம் சம்மதம் கொடுத்தது. திறமைசாலிகள் விட்டுப் போய்விடுவார்கள் என்பது வாதம். கம்பெனியைத் திவாலாக்கிய திறமையை விட்டுவிட யாருக்குத்தான் மனம் வரும்!

திவாலிலிருந்து வெளியே வந்த பிறகு பத்திரிகைகளைத் தனிக் கம்பெனியாகப் பிரித்தார்கள். 2014 நவம்பரில் அதன் நிர்வாகம் ஒரு ‘தாராள’ அறிவிப்பு வெளியிட்டது. இனிமேல் விடுமுறைக்கு வரம்பே இல்லை, மேலதிகாரி சம்மதித்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்றது. கேட்க இனிக்கிறது. உள்ளே இருந்த சூது வேறு. உழைத்துச் சேர்த்த லீவு என்பது கம்பெனி தொழிலாளிக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். கணக்குப் புத்தகத்தில் ஏறி நிற்கும். வரம்பில்லாத லீவில் சேர்த்து வைப்பது என்ற பேச்சே கிடையாது. கடன் ஒரே நாளில் மாயமாகிவிடும்! ஊழியர்கள் இதைப் புரிந்துகொண்டு கொதித்தெழுந்தார்கள். சில நாட்களிலேயே நிர்வாகம் உத்தரவை வாபஸ் வாங்கியது. அப்போது அவர்களுக்கு யூனியன் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

2016 பிப்ரவரியில் மைக்கேல் ஃபெரோ என்ற சிகாகோ சீமான் 4 கோடியே 44 லட்சம் டாலருக்குப் பங்கு வாங்கிக் கம்பெனியின் தலைவரானார். கம்பெனியின் பெயரை ‘டிராங்க்’ என்று மாற்றினார்கள். (நமக்கு டிரங்குப் பெட்டிதான் ஞாபகம் வருகிறது. பின்னால் நடந்ததைப் பார்த்தால் பெயர் அவ்வளவு தப்பில்லை.)

தலைவர் பறப்பதற்குத் தனி விமானம் வேண்டுமல்லவா? கம்பெனி ஒரு ஜெட் விமானத்தைக் குத்தகைக்குப் பிடித்தது. குத்தகைக்கு விட்டது யார்? தலைவருடைய சொந்தக் கம்பெனி! வாடகை, பறக்கும் ஒரு மணிக்கு 8,500 டாலர். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போக நாலு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு தடவை போய் வர 68,000 டாலர். ஒரு இளம் நிருபரை ஒரு வருஷம் வேலைக்கு வைத்துக்கொள்ள அது போதும். தலைமை நிர்வாகிக்கு 2016ம் வருஷத்தில் பங்கும் சம்பளமுமாகச் சேர்ந்த மதிப்பு 80 லட்சம் டாலருக்கு மேல். 2017 டிசம்பரில் தலைவருடைய சொந்தக் கம்பெனியோடு ஆலோசனை ஒப்பந்தம் ஒன்று போட்டார்கள்: மூன்று வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர். ஆளுக்கு வருஷம் ஒரு லட்சம் டாலர் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும், ஐம்பது பத்திரிகையாளர்களின் சம்பளம் ஒருவருடைய ஆலோசனைக்குப் போகிறது. 2018 மார்ச்சில் அவர் தலைவர் பதவியிலிருந்து விலகினார். ஒப்பந்தம் விலகவில்லை.

இதையெல்லாம் யாரும் திருட்டுத்தனமாகக் கண்டுபிடிக்கவில்லை. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசாங்க ஆணையத்திடம் கம்பெனியே எழுதிக் கொடுத்த பத்திரங்களில் இருக்கிறது. பங்குதாரர் படிப்பதற்காக எழுதியதை இந்தத் தடவை ஊழியர்கள் படித்தார்கள். ஊரார் கணக்கைத் தோண்டிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிருபர்கள் தங்கள் முதலாளியின் கணக்கையும் அப்படியே புரட்டினார்கள். விமான வாடகையையும் அதிகாரிகள் சம்பளத்தையும் வெளிச்சம் போட்டு எல்லோருக்கும் காட்டினார்கள்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். “ஜெட் விமானத்தை விற்றால் பத்திரிகை பிழைத்துவிடுமா? விளம்பர வருமானத்தைக் கூகுளும் ஃபேஸ்புக்கும் வாரிக்கொண்டு போயின. அந்த ஓட்டையின் முன் இந்தச் செலவு எம்மாத்திரம்?” என்பார்கள். வாஸ்தவம்தான். அமெரிக்கப் பத்திரிகைத் தொழிலின் நெருக்கடி ஒரு தனிமனிதரின் ஆடம்பரத்தால் வந்ததல்ல. அந்த விமானம் பறக்காமலே இருந்திருந்தாலும் நெருக்கடி இருந்திருக்கும். ஆனால் நெருக்கடியின் பாரத்தை யார் சுமப்பது? “எல்லோரும் ஒரே படகில் இருக்கிறோம்” என்று ஊழியரிடம் சொல்லித்தானே லீவில் கை வைத்தார்கள், ஆளைக் குறைத்தார்கள்? ஒரே படகில் இல்லை, ஒருவர் விமானத்தில் இருக்கிறார் என்று அந்த 8,500 டாலர் காட்டிக் கொடுத்துவிட்டது. தொகை சிறிதா பெரிதா என்பதைவிட, பணம் எங்கே வெட்டப்படுகிறது, எங்கே கொட்டப்படுகிறது என்று தீர்மானிக்கும் மேஜையில் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை என்பதுதான் பிரச்னை.

வெறும் புழுக்கத்தால் ஆவது ஒன்றுமில்லை. தேநீர்க் கடையில் முணுமுணுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிற ஊழியர்கள் உலகெங்கும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் ஊழியர்கள் அதோடு நிற்கவில்லை, யூனியன் அமைத்தார்கள். அதுவும் எந்தப் பத்திரிகையில்! 1881ல் தோன்றிய இந்த ஏட்டின் பழைய முதலாளி ஹாரிசன் கிரே ஓட்டிஸ் யூனியன் என்றாலே பகைமை பாராட்டியவர். 1890ல் அச்சுக்கோப்போர் யூனியனோடு மோதி அதை வெளியே தள்ளியவர். அந்தப் பகைமை முற்றி, 1910 அக்டோபர் 1ந் தேதி இரும்பு வேலைத் தொழிலாளர் யூனியனோடு தொடர்புடைய ஒருவர் வெடிகுண்டு வைத்ததில் 21 பேர் மாண்டார்கள். மாண்டவர்கள் அங்கே வேலை பார்த்த உழைப்பாளிகள்தான், முதலாளி அல்ல. அந்தப் பாதகச் செயல் அந்நகரத் தொழிற்சங்க இயக்கத்தையே பல வருஷங்கள் பின்னுக்குத் தள்ளியது. அப்படிப்பட்ட இடத்தில் 136 வருஷம் கழித்து, 2018 ஜனவரி 19ந் தேதி ஓட்டு எண்ணிக்கை வெளியாயிற்று. யூனியனுக்கு 248, எதிராக 44. அதே வருஷம் ‘சிகாகோ டிரிபியூன்’ ஊழியர்களும் யூனியன் அமைத்து நிர்வாகத்தின் அங்கீகாரத்தைப் பெற்றார்கள்.

இந்தத் தேதிகளுக்கு அடுத்து வருவது ‘நியூயார்க் டெய்லி நியூஸ்’ சமாசாரம். 2017ல் ஒரே ஒரு டாலருக்கும் அதன் கடன் பொறுப்புகளுக்கும் அந்தப் பத்திரிகையை டிராங்க் வாங்கியிருந்தது. 2018 ஜூலையில் ஒரே நாளில் அதன் ஆசிரியர் குழுவில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆலோசனைக்கு ஒன்றரைக் கோடி டாலர் பேசிய கம்பெனிதான் இது.

லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸைப் பொறுத்தவரை, முதலாளி மாறினார். டாக்டர் பாட்ரிக் சூன்-ஷியோங் என்ற மருந்துத் தொழில் கோடீஸ்வரர் 2018ல் 50 கோடி டாலர் கொடுத்து வாங்கினார். 2019ல் யூனியனோடு முதல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்த முதலாளி பழையவர்களைப் போலக் கம்பெனியிலிருந்து எடுத்துக்கொண்டு போகவில்லை, தம் கைப்பணத்தைப் போடுகிறார் என்று பலர் நிம்மதி அடைந்தார்கள். அது பொய்யுமல்ல. ஆனாலும் வருஷத்துக்கு 3 கோடி, 4 கோடி டாலர் நஷ்டம் என்று சொல்லி 2024 ஜனவரியில் அவரும் கத்தியை எடுத்தார். 115 பேருக்குக் குறையாமல் வேலை போயிற்று; ஆசிரியர் குழுவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். நல்ல முதலாளி, கெட்ட முதலாளி என்ற வித்தியாசம் அந்த 115 வீடுகளுக்கு எவ்வளவு தூரம் உதவியது?

உதவியது வேறொன்று. ஆட்குறைப்புக்கு முன்னால் நிர்வாகம் யூனியனிடம் ஒரு சலுகை கேட்டது. வெகுகாலம் உழைத்தவர்களைப் பாதுகாக்கும் ஒப்பந்த விதியைத் தளர்த்த வேண்டுமாம். யூனியன் மறுத்துவிட்டது. 2024 ஜனவரி 19ந் தேதி, ஓட்டு எண்ணி ஆறு வருஷம் நிறைந்த அதே நாளில், ஊழியர்கள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். அந்தப் பத்திரிகையின் 142 வருஷ வரலாற்றில் ஆசிரியர் குழு செய்த முதல் வேலைநிறுத்தம் அது.