சீட்டில் விடுபடும் ஒரு வரி

நுரையீரல் தமனி சி.டி. கேட்டு வரும் சீட்டுகளை ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்துப் பாருங்கள். 'மூச்சுத்திணறல், பி.இ. உள்ளதா?' பலவற்றில் இவ்வளவுதான் இருக்கும். கால் வீக்கம், அண்மையில் நடந்த அறுவை, வெல்ஸ் மதிப்பெண், டி-டைமர் என்று எதுவும் இராது.

அவசரத்தில் நேரும் எழுத்துக் குறை என்று இதை ஒதுக்க முடியாது. 2006-இல் வெளியான பயோபெட்-2 ஆய்வில் சி.டி.யின் உணர்திறன் 83 விழுக்காடு, தனித்திறன் 96 விழுக்காடு. இந்த இரண்டும் நம் எல்லோருக்கும் மனப்பாடம். நாம் மறந்துவிடுவது அதே ஆய்வின் வேறு எண்களை. மருத்துவரின் சந்தேகம் வலுவாக இருந்து படத்திலும் உறைவு தெரிந்தால், 96 விழுக்காட்டினருக்கு நோய் உண்மையிலேயே இருந்தது. சந்தேகம் குறைவாக இருந்தவர்களிடம் அதே 'பாசிட்டிவ்' 58 விழுக்காடுதான் சரி. சந்தேகம் வலுவாக இருந்தும் படம் சுத்தமாக வந்தவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு நோய் இருந்தது. படம் ஒன்றுதான், சீட்டில் இல்லாத அந்த ஒரு வரிதான் அதன் பொருளை மாற்றுகிறது.

அன்றைய கருவிகள் பெரும்பாலும் 4 வரிசைக் கருவிகள், இன்றையவை எவ்வளவோ மேல் என்பார்கள். மேல்தான். ஆனால் மெல்லிய கிளைகள் தெரியத் தெரிய மெல்லிய சந்தேகங்களும் கூடுகின்றன. அமெரிக்காவில் 1998 முதல் 2006 வரை இந்நோய் கண்டறியப்படுவது லட்சத்துக்கு 62-இலிருந்து 112 ஆனது; இறப்போ 12.3-இலிருந்து 11.9-க்கு நகர்ந்தது, அவ்வளவே. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், பி.இ. என்று அறிக்கை தரப்பட்ட 174 படங்களை மார்பு ரேடியாலஜியில் தேர்ந்தவர்கள் மறுபடி படித்தார்கள். 45 படங்களில் உறைவே இல்லை என்றார்கள். பிழைக்குப் பெரும் காரணம் மூச்சசைவு.

மூச்சு என்றதும் ஸ்கேன் அறையைச் சொல்ல வேண்டும். 'நல்லா மூச்சை இழுத்துப் பிடிங்க' என்று மைக்கில் வழக்கமாகச் சொல்கிறோம். நோயாளி ஆழமாக இழுக்கும்போது கான்ட்ராஸ்ட் கலக்காத இரத்தம் கீழ்ப்பெருஞ்சிரையிலிருந்து வலது இதயத்துக்குள் பாய்கிறது. தமனியின் நடுவில் சாயம் வெளுத்து, உறைவு போலவே தெரிகிறது. 'அப்படியே மூச்சை நிறுத்துங்க' என்றால் போதும். புறங்கையில் குத்திய 22 கேஜ் நீல கான்யுலாவில் விநாடிக்கு 5 மி.லி. எதிர்பார்ப்பதும் வீண்.

ஒரே ஒரு சப்செக்மெண்டல் கிளையில் மட்டும் குறை தெரியும் படம்தான் உண்மையான தலைவலி. பயோபெட்-2-இல் இந்த இடத்து 'பாசிட்டிவ்' கால்வாசிதான் மெய். 2019-இன் ஐரோப்பிய இதயவியல் வழிகாட்டுதலும் இத்தகைய படத்தை ரேடியாலஜிஸ்டுடன் மறுபடி பேசச் சொல்கிறது. மாதக்கணக்கில் இரத்தம் உறையா மருந்து என்பது, வயிற்றுப்புண்ணும் வயதும் உள்ளவருக்குச் சின்ன விஷயம் அல்ல.

இரத்த அழுத்தம் சரிந்து வருபவருக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. அங்கே படுக்கையருகே எக்கோ, உடனடி சிகிச்சை. மற்றவர்களுக்கு வெல்ஸ் 4-க்கு மேல் போகாவிட்டால் முதலில் டி-டைமர். 50 வயதைத் தாண்டியவருக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணே வரம்பு. அது எஃப்.இ.யு. அலகுக்கான கணக்கு. சில ஆய்வகங்கள் டி.டி.யு.வில் தருகின்றன, அங்கே வரம்பு ஏறத்தாழ பாதி. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால், நோயுள்ளவரையே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

ஆகவே சி.டி. சீட்டில் வெல்ஸ் மதிப்பெண்ணுக்கும், அலகுடன் கூடிய டி-டைமருக்கும் தனிக் கட்டம் அச்சிடுங்கள். கட்டம் காலியாக வந்தால், அவசரமில்லாத நோயாளியை மேசையில் ஏற்றும் முன் டெக்னீஷியன் வார்டுக்கு ஒரு ஃபோன் போடட்டும். ரேடியாலஜிஸ்டுகளுக்கும் பங்கு உண்டு: எந்தக் கிளை, எத்தனை கிளை, சாயம் எவ்வளவு நிறைந்தது, மூச்சசைவு இருந்ததா, வலது இதயம் இடதைவிடப் பெருத்திருக்கிறதா என்பதை அறிக்கையில் எழுதுங்கள். 'பி.இ. இருக்கலாம்' என்று மட்டும் முடித்தால், இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஹெப்பாரினைத்தான் தொடங்குவார்.