இதை மட்டும் ஏன் கட்டவில்லை?

ஜப்பான் சுற்றுலாவில், வழிகாட்டி கையில் சிறு கொடியுடன் முன்னே நடப்பார். கூட்டம் பின்னே ஓடும்.

டோக்கியோவில் சென்சோஜி கோவிலைக் காட்டுவார். அதன் பெரிய மண்டபம் 1945-ல் குண்டு வீச்சில் எரிந்தது. 1958-ல் மீண்டும் எழுந்தது.

கியோட்டோவில் பொற்கோவில். 1950-ல் ஒரு இளம் துறவி அதற்குத் தீ வைத்தார். 1955-ல் அதையும் கட்டி முடித்தார்கள்.

அடுத்தது ஹிரோஷிமா. அங்கே இடிந்த கட்டிடம் ஒன்று நிற்கிறது. உச்சியில் வெறும் இரும்புக் கூடு! 1945 ஆகஸ்டு 6-ந் தேதி காலை 8.15 மணிக்கு வெடித்த அணுகுண்டின் சாட்சி அது. அந்த ஆண்டு முடிவதற்குள் மாண்டவர்கள் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் பேர்.

அதைக் கட்டத் தெரியாதா? தெரியும். இடிந்தபடியே காக்க வேண்டும் என்று 1966-ல் நகரசபை முடிவு செய்தது.

கொடி முன்னே போகட்டும். நீங்கள் அங்கே சற்று நில்லுங்கள். ஏன் கட்டவில்லை என்று குழந்தை கேட்கும். பதில் சொல்லிவிட்டு நடங்கள்.