தூசியைத் தட்டுகிறோமா, பிள்ளைகளின் நெஞ்சுக்குள் அனுப்புகிறோமா?



ரமழான் நெருங்கி விட்டது. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்தத் தெருவில் நடந்தாலும் இப்போது ஒரே காட்சிதான். வாசலில் மெத்தை, மதிலில் கார்பட், வீட்டுக்குள் ஒட்டறைக் கம்பு. நோன்புக்கு முன் வீட்டைத் துப்புரவாக்குவது நம்மட ஊர்களின் நல்ல பழக்கம். அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அதைச் செய்கிற விதத்தைப் பற்றி யாராவது பேசத்தான் வேண்டும். நாம் தூசியை வீட்டை விட்டு வெளியேற்றவில்லை. அல்மாரிக்கு மேலிருந்து கிளப்பி, பிள்ளைகளின் மூச்சுக்குள் விடுகிறோம்.

கடுமையாகப் பேசுகிறோமா? ஆசிரியர்களாகிய எங்களின் கையில் வரவு இடாப்பு இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இந்த வாரங்களில் சில பிள்ளைகளின் பெயருக்கு நேரே வரவு விழுவதில்லை. திரும்பி வந்ததும் கேட்டால், "நேத்து வீடு துப்புரவாக்கின சேர், இரவு முழுக்க இழுத்திச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் நெபுலைஸ் பண்ணின" என்பார்கள். மழைக்காலத் தடிமன், வைரஸ் காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாவற்றையும் தூசியின் தலையில் போட மாட்டோம். ஆனால் வீடு துப்புரவாக்கிய இரவே இழுப்பு வருகிற பிள்ளைக்கு வேறு எதைக் காரணம் சொல்வது?

என்ன பிழை செய்கிறோம் என்று பாருங்கள். முதலில் தரையைக் கூட்டுகிறோம். பிறகு அல்மாரியைத் தட்டுகிறோம். கடைசியில் ஃபேன் இறக்கையின் ஞாபகம் வருகிறது. அதில் இருந்த தூசி முழுவதும் கூட்டின தரையிலும் விரித்த கட்டிலிலும் கொட்டுகிறது. திரும்பவும் தும்புத்தடி. இதெல்லாம் காய்ந்த துணியாலும் காய்ந்த தூரிகையாலும்தான் நடக்கிறது. போதாததற்கு வியர்க்கிறது என்று மற்ற அறையில் ஃபேன் சுற்றுகிறது. எல்லாம் முடிந்ததும் வீடு மணக்க வேண்டும் என்று சாம்பிராணி. தூசி மூட்டத்துக்கு மேல் புகை மூட்டம். பிள்ளை இருமாமல் என்ன செய்யும்?

"எங்கட உம்மம்மா காலத்திலயும் இப்படித்தானே" என்று சிலர் சொல்வார்கள். இல்லை, அப்படி இல்லை. உம்மம்மா முற்றத்தில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கூட்டினார். ஈரம் தூசியைப் பிடித்து வைக்கும் என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை, தெரிந்திருந்தது. படுத்தது பாயில். காலையில் பாயை வெளியே கொண்டுபோய் உதறி வெயிலில் போட்டார். வீட்டில் சாமானும் குறைவு. நாம் அவரின் விளக்குமாற்றை மட்டும் வைத்துக்கொண்டு தண்ணீரையும் வெயிலையும் கைவிட்டு விட்டோம்.

சரியான முறை ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஃபேனை நிறுத்துங்கள், யன்னல்களைத் திறவுங்கள். இழுப்புள்ள பிள்ளையை அன்று மாமி வீட்டுக்கோ சாச்சி வீட்டுக்கோ அனுப்புங்கள். வேலை செய்பவர் மாஸ்க் போடட்டும். மேலிருந்து கீழே வாருங்கள். ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். அதன் பிறகு அல்மாரி மேல்தட்டு, கதவு நிலை, யன்னல் விளிம்பு, மேசை. தரை எல்லாவற்றுக்கும் கடைசி. கிளம்பிய தூசி படிய நேரம் கொடுத்து, பிறகு ஈரத்தால் துடையுங்கள்.

துணி முக்கியம். நனைத்து நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி, தண்ணீர் சொட்டக் கூடாது. அதற்குக் காசு கொடுத்து எதையும் வாங்கத் தேவையில்லை. மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்று கட்டிப் பழையதாகி, பல தடவை கழுவி மெதுமெதுவென்று கிடக்குமே, அதைவிட நல்ல துணி எது? நாலாக மடியுங்கள். ஒரு பக்கம் அழுக்கானால் மறுபக்கம் திருப்புங்கள். எல்லாப் பக்கமும் முடிந்தால் கழுவுங்கள். ஒரே அழுக்குத் துணியால் நாலு அறையையும் துடைப்பது தூசிக்கு வீடு மாற்றிக் கொடுக்கிற வேலை. ரீவி, பிளக் பொயின்ட் போன்றவற்றுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் காய்ந்த மெல்லிய துணி.

அடுத்து, பலருக்குக் கோபம் வரக்கூடிய விசயம். ஹோலில் இருக்கிற ஷோகேஸ் கண்ணாடி பளபளக்கிறது. அதற்குள் இருக்கிற கோப்பை ஒவ்வொன்றும் எடுத்துத் துடைக்கப்படுகிறது. ஏனென்றால் பெருநாளைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். பிள்ளை எட்டு மணித்தியாலம் முகத்தைப் புதைத்துப் படுக்கிற தலையணையை யார் பார்க்கிறார்கள்? மெத்தையிலும் தலையணையிலும் தூசிப்பூச்சி வாழ்கிறது. மில்லிமீற்றரில் மூன்றில் ஒரு பங்குகூட வராத, கண்ணுக்குத் தென்படாத உயிர். நம்மட தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதன் சாப்பாடு. அதன் கழிவுதான் பல பிள்ளைகளுக்குத் தும்மலையும் இழுப்பையும் கிளப்புகிறது. நம்மட கரையோர ஈரப்பதம் அதற்கு நல்ல வாசம். விரிப்பையும் தலையணை உறையையும் கிழமைக்கு ஒரு தடவை கழுவுங்கள். முடிந்தால் 60 பாகை செல்சியஸ் அளவுச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டுக் கழுவி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். படுக்க முன் படுக்கையைத் தட்டிவிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். நாம் தட்டுவதோ ஷோகேஸை.

இன்னும் பாரதூரமான ஒன்று இருக்கிறது. சிலிங் இல்லாத எத்தனையோ வீடுகளில் தலைக்கு மேலே நேராக அஸ்பெஸ்டாஸ் சீற். அதில் ஒட்டறை பிடித்திருக்கிறது என்று ஈர்க்கில் விளக்குமாற்றால் சுரண்டுகிறோம். பழுதடையாத சீற்றைத் தொடாமல் விட்டால் ஆபத்துக் குறைவு. காய்ந்தபடி சுரண்டினாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த நோய் வெளியே தெரியப் பல பத்து வருடங்கள் எடுக்கலாம். அதனால்தான் நமக்குப் பயம் வருவதில்லை. சீற்றைச் சுரண்ட வேண்டாம். கம்பில் ஈரத் துணியைச் சுற்றி ஒட்டறையை மட்டும் மெதுவாக எடுங்கள். உடைந்த துண்டு கிடந்தால் கூட்டாமல், நனைத்து, பையில் இட்டுக் கட்டுங்கள். சாதாரணத் துணி மாஸ்க் அந்த நாரைத் தடுக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

கடைசியாக, ஆம்பிளைகளாகிய நமக்கு. இந்த வேலையெல்லாம் யாரின் தோளில்? கதிரையில் ஏறி நிற்பது உம்மா. மெத்தையைத் தூக்குவது ராத்தா. நாம் எங்கே? தேத்தண்ணிக் கடையில் பிறை எப்போது என்று வாதம் பண்ணிக்கொண்டு இருக்கிறோம். பின்னேரம் வீட்டுக்கு வந்து, "இன்னும் முடியல்லையா?" என்று வேறு கேட்கிறோம். நபியவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா நாயகியிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாருக்கு வேலை செய்து கொடுப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் போவார்கள் என்றுதான் பதில் வந்தது. தாடியிலும் ஜுப்பாவிலும் சுன்னத்தைத் தேடுகிற நாம், கையில் ஈரத் துணி பிடிப்பதில் மட்டும் ஏன் தேடுவதில்லை? உயரத்தில் இருக்கிற ஃபேனைத் துடைப்பதும் மெத்தையை வெயிலுக்குத் தூக்குவதும் நம்மட வேலை. மகனுக்கும் அதைப் பழக்குங்கள். மகளுக்கு மட்டும் பழக்கியது போதும்.

"சேருக்கு வேற வேலை இல்லையா, தூசியைப் பத்தி எழுதுறார்" என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கரும்பலகை டஸ்டரைப் பிள்ளைகளின் முகத்துக்கு முன்னால் சுவரில் தட்டியவர்கள்தான் நாங்களும். முன்வாங்கில் இருந்த பிள்ளை இருமியபோதுதான் எங்களுக்கே உறைத்தது. இப்போது ஈரத் துணியால் துடைக்கிறோம். வகுப்பறையில் முடிந்தது வீட்டிலும் முடியும்.

வருடத்தில் ஒரு நாள் யுத்தம் செய்வதைவிடக் கிழமைக்கு அரை மணித்தியாலம் போதும். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன் ஒரே ஒரு அறையில் தொடங்குவோம். பிள்ளைகள் படுக்கிற அறையில். நோன்பு முழுக்க நம்மட பிள்ளைகள் நெஞ்சு இழுக்காமல் நிம்மதியாக உறங்கி ஸஹருக்கு எழும்பட்டும். அல்லாஹ் நம் எல்லோருக்கும் ஆரோக்கியமான ரமழானைத் தருவானாக. ஆமீன்.

வீட்டுக் குழுமங்களுக்கு அனுப்புங்கள். முக்கியமாக வாப்பாமாருக்கு.