விடை முன்பே தெரிந்த சோதனை

'செயல்வழிக் கற்றல்' என்னும் சொல் இன்று எந்தப் பள்ளி நிர்வாகத்தையும் கலங்கச் செய்வதில்லை. என் முதல் குற்றச்சாட்டே அதுதான். நீல லிட்மசைச் சிவப்பாக்கி, அதனைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறும் சடங்குக்கும் அப்பெயரையே சூட்டிவிட்டோம். முடிவு அச்சிடப்பட்டிருக்கும் சோதனையில் மாணவர் பயில்வது, எதிர்பார்க்கப்படும் விடையை எழுதும் சாமர்த்தியத்தை மட்டுமே.

நான் வசிக்கும் ஸ்ரீவராகத்தில் கோயிலையொட்டிப் பெரிய குளம் ஒன்று உள்ளது. அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் விடியலில் எவ்வளவு, பிற்பகல் மூன்று மணிக்கு எவ்வளவு? பாடநூலில் விடையில்லை, ஆசிரியரும் அறியார். அளக்கும் வழியோ 1888-இல் விங்க்ளர் வெளியிட்டது. காற்றுக்குமிழி புகாமல் புட்டியில் நீரை நிரப்பி, கரையிலேயே மாங்கனீசு சல்பேட்டையும் காரங்கலந்த அயோடைடையும் சேர்க்க வேண்டும். வீழ்படிவு பழுப்பானால் ஆக்சிஜன் உண்டு. வெண்மையாகவே நின்றால் இல்லை. பின்னர் அமிலம் சேர்த்தால் அயோடின் வெளிப்படும். அதனைத் தயோசல்பேட்டால் தரம்பார்க்கலாம். ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம், வீழ்படிவு, மோல் கணக்கு யாவும் ஒரே புட்டியில் அடங்கிவிடுகின்றன. பாசி மிகுந்த நீரில் பிற்பகல் அளவு உயர்ந்திருக்கும் என எதிர்பார்ப்போம். அவ்வாறு வராத நாளில்தான் உண்மையான வகுப்பு தொடங்கும். (மிஞ்சிய கரைசலை வாய்க்காலில் கொட்டிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசலாகாது, கழிவுக்கும் ஒரு சாடி வேண்டும்.)

அமிலம் ஆபத்து என்பர். அந்த ஒரு படியை ஆசிரியரே செய்யலாம். நேரமில்லை என்பர். பதிவேட்டை அழகுபடுத்தச் செலவிடும் நேரத்தை எவரும் கணக்கிடுவதில்லை. சுமையைக் குறைப்பதாகக் கூறி, என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாட்டையும் இயற்கை வள மேலாண்மையையும் நீக்கியதே, அப்போதும் மனப்பாடத் தேர்வு அசையவில்லை.

நாடு இதனை முயன்று பார்க்காமலில்லை. 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் தேர்வையும் செய்முறைத் தேர்வையும் கொண்டுவந்தது. தேர்வை விட்டுவைத்து வகுப்பை மட்டும் மாற்ற இயலாது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர். 2002-இல் மாநில அரசு அதனை மூடியது.

1962 முதல் சாஸ்திர சாகித்ய பரிஷத் இயங்கிவரும் கேரளத்திற்கு அந்தச் சாக்கும் இல்லை. கொச்சுவேளியின் டைட்டானியம் ஆலை பல்லாண்டுகள் கந்தக அமிலக் கழிவைக் கடலில் விட்டது. அதே நகரத்துப் பிள்ளைகள் கந்தக அமிலத்தின் பயன்களை வரிசை பிறழாமல் ஒப்பித்தனர். கடற்கரை மணலையும் நீரையும் அள்ளிவந்து பார்க்க அவர்களை அனுப்பியிருந்தால், சங்கடமான கேள்விகள் எழுந்திருக்கும். பள்ளிகள் அஞ்சுவது அமிலத்தையா, அக்கேள்விகளையா?

ஆய்வாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. செறிவு தரப்படுத்திய தயோசல்பேட் கரைசலில் ஒரு லிட்டரை, மாதம் ஒருமுறை, அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு அனுப்ப எத்தனை வேதியியல் துறைகள் முன்வரும்? உங்கள் துறை முன்வருமா என்பதைக் கீழே எழுதுங்கள்.